பெயிண்டுக் கடை மாடியில் ஜப்பானிய எழுத்து

எனக்குத் தெரியாத ஒரு மொழியில் அடுத்தவர்கள் செய்த தப்பைக் கண்டுபிடித்துத் திருத்துவதுதான் ஐந்தாறு வருஷம் என் பிழைப்பு. கம்ப்யூட்டர் மக்கர் பண்ணும்போது "நான் ஒண்ணுமே பண்ணலியே, சும்மாதான் உக்காந்திருந்தேன்" என்று ஒரு தடவையாவது சத்தியம் செய்தவரா நீங்கள்? அப்படியென்றால் நீங்களும் என் கட்சிதான், மேலே படியுங்கள்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு அடுத்த தெருவில் காதர் பாய் பெயிண்டுக் கடை வைத்திருந்தார். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். ஊரெல்லாம் கம்ப்யூட்டர் பேச்சாக இருந்ததால் அவரும் கடை மாடியில் ஆறு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு, ஒரு சென்னை கம்பெனியிடமிருந்து வேலை பிடித்தார். ஜப்பான் மெஷின்களோடு வரும் கையேடுகளைப் பார்த்து, எடிட்டரில் அப்படியே தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். எடிட்டர் என்றால் படம், அலங்காரம் எதுவும் இல்லாமல் வெறும் எழுத்தை மட்டும் அடிக்கிற மென்பொருள். ஜப்பான்காரர்களே அடித்துக்கொள்ளாமல் இதை ஏன் உத்திரமேரூருக்கு அனுப்பினார்கள் என்று சென்னை கம்பெனியின் ராகவன் சாரிடம் கேட்டேன். "அந்தக் கேள்வியை நாமளா கிளப்ப வேண்டாம்மா" என்றார்.

நான் பக்கத்தில் பெருநகர் என்ற கிராமத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து போனேன். காஞ்சிபுரத்தில் ஆறு மாசம் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்திருந்த ஒரே காரணத்தால் என்னை சிஸ்டம் இன்சார்ஜ் ஆக்கிவிட்டார் பாய். எந்த மெஷினில் எது நின்றாலும் "வளர்மதி!" என்று ஆறு திசையிலிருந்தும் கூப்பிடுவார்கள்.

பிழை திருத்தப்பட்டது

முதலில் ஒரு பரீட்சை வைத்தார்கள். சி.டி.யில் ஒரு பக்கம் மாதிரி வரும், அதைப் பார்த்து அப்படியே அடித்து அனுப்ப வேண்டும். சரியாக இருந்தால்தான் மேற்கொண்டு வேலை. சி.டி.யைப் போட்டுத் திறந்தோம். பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன சதுரங்கள், வரிசை வரிசையாக டப்பா. எங்கள் மெஷினில் ஜப்பானிய எழுத்துரு இல்லாததால் எல்லா எழுத்தும் டப்பாவாகத் தெரிகிறது என்பது இன்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். அன்றைக்கு மாடியில் இருந்த ஏழு பேரில் ஒருவருக்கும் தெரியாது. தட்டச்சு செய்ய வந்த ஆறு பேரில் மூத்தவரான ஏகாம்பரம் சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, "ஒரே எய்த்துதாம்மா. சுலபமான பாஷையா கீது" என்றார். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திய மனிதர் அவர். சொன்னால் நம்பத்தானே வேண்டும்?

குறியீடுகள் பட்டியலில் தேடி டப்பாவைக் கண்டுபிடித்தோம். ஆறு பேரும் பங்கு போட்டுக்கொண்டு ஒரு பகல் முழுக்க டப்பா அடித்தார்கள். நான் ஸ்கேல் வைத்து வரிவரியாக எண்ணிச் சரிபார்த்தேன். பதினான்காவது வரியில் ஒரு டப்பா குறைந்தது. அதைச் சேர்த்து, பிரிண்ட் எடுத்து, அந்த இடத்தில் பேனாவால் வட்டம் போட்டு, பொறுப்போடு கையெழுத்தும் போட்டு கூரியரில் அனுப்பிவைத்தேன். இரண்டு நாள் கழித்து ராகவன் சார் போன் செய்தார். கோபமே இல்லாத குரல். "மேடம், தெரிஞ்சிக்கத்தான் கேக்கறேன். பதினாலாவது வரியில வட்டம் போட்டு 'பிழை திருத்தப்பட்டது'ன்னு எழுதியிருக்கீங்களே, மத்த டப்பாவுக்கும் இந்த டப்பாவுக்கும் என்ன வித்தியாசம்?"

லலிதா சிறுத்துப் போனது

ராகவன் சார் நல்லவர். எழுத்துரு சி.டி.யைக் கொடுத்து ஆளையே அனுப்பினார். திரையின் மூலையில் ஒரு குட்டிப் பட்டை வந்து உட்கார்ந்தது. அதில் ஆங்கில 'A' தெரிந்தால் ஆங்கிலம் விழும். நம்ம 'ஆ'வைத் தாறுமாறாகக் கிறுக்கினது போல் ஒன்று தெரிந்தால் ஜப்பானியம் விழும். எங்களுக்கு வரும் பக்கங்களில் சுபத்ரா மேடம் என்பவர், சென்னையில் ஜப்பானிய மொழி படித்தவர், ஒவ்வொரு சொல்லின் மேலும் உச்சரிப்பைப் பென்சிலால் ஆங்கில எழுத்தில் எழுதியிருப்பார். அந்த உச்சரிப்பை அடித்து ஸ்பேஸ் பாரைத் தட்டினால், அதே சத்தமுள்ள சித்திர எழுத்துகள் பட்டியலாக இறங்கும். காகிதத்தில் இருப்பது போலவே இருக்கிற உருவத்தைப் பொறுக்கி எடுத்து எண்டர் அடிக்க வேண்டும். அர்த்தத்துக்கு அங்கே வேலையே இல்லை.

பழகிப் பார்க்க அவரவர் பேரை அடிக்கச் சொன்னேன். என் பேரில் பாதி ஆங்கிலமாகவே நின்றுவிட்டது. நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாலவாக்கத்திலிருந்து வரும் லலிதாவுக்குத்தான் முகம் சுருங்கியது. அவள் பேர் மட்டும் எறும்பு ஊர்ந்தது போலப் பொடிப்பொடியாக விழுந்தது. "இன்னாக்கா இது, எல்லாரும் பெர்சா கீறாங்க, நான் மட்டும் இத்துனூண்டு கீறேன்?" என்றாள். எழுத்தின் அளவைக் கூட்டிப் பார்த்தேன். எல்லோர் பேரும் கூடியது, லலிதா அதே விகிதத்தில் சின்னவளாகவே இருந்தாள்.

சுபத்ரா மேடத்துக்குப் போன் போட்டேன். அந்த மொழியில் 'ல' என்ற சத்தமே கிடையாதாம். அந்தப் பட்டையில் ஆங்கில 'L' அடித்தால் "அடுத்த எழுத்தைச் சின்னதாகப் போடு" என்று அர்த்தமாம். 'ல'வுக்குப் பதில் 'ர' போடச் சொன்னார். போட்டதும் பேர் முழு அளவில் வந்தது. லலிதா அதை எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். ரரிதா. திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "எங்க வூட்டு ரேஷன் கார்டுல லலிதான்னு கீதுக்கா. அந்த ஊர்ல எனக்கு அரிசி போடமாட்டான்."

இரண்டு தட்டு

எண்டர் கட்டையைத் தட்டினால் அடுத்த வரிக்குப் போக வேண்டும் என்பது ஏகாம்பரம் சாரின் முப்பது வருஷ நம்பிக்கை. ஜப்பானியத்தில் அடிக்கும்போது முதல் எண்டர் "இந்த எழுத்தேதான்" என்று உறுதி மட்டும் செய்யும். இன்னொரு தடவை தட்டினால்தான் வரி மாறும். இதை அவர் தனிப்பட்ட அவமானமாக எடுத்துக்கொண்டார். முதல் தட்டு சாதாரணமாக விழும், இரண்டாவது தட்டு பழைய டைப்ரைட்டருக்கு விழ வேண்டிய தட்டு. நாலாவது நாளே எண்டர் கட்டை கழன்று பெஞ்சுக்கு அடியில் ஓடிவிட்டது. குனிந்து தேடி எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, அதனிடமே கேட்டார்: "ரெண்டு தபா கூப்ட்டாதான் வருவியா? நீ இன்னா கவர்மெண்டு ஆபீஸா?"

கீழே பார்க்கவும்

வேலை சூடு பிடித்தது. ஒரு வாரம் உழைத்து ஒரு முழுக் கையேட்டை முடித்து அனுப்பினோம். அடுத்த நாள் ராகவன் சார் போனில், "நாங்க ஒரே ஒரு கேள்விதான் கேட்டோம், எப்ப முடியும்னு. நீங்க பதிலுக்கு எண்பது பக்கம் கேள்வி கேட்டிருக்கீங்களே" என்றார். ஃபைலைத் திறந்து பார்த்தேன். எழுத்தெல்லாம் போய், பக்கம் பக்கமாக வெறும் கேள்விக்குறி. சேமிக்கும்போது திரையில் வரும் சன்னலின் அடியில் இருக்கும் சின்னப் பட்டியலில் 'யூனிகோடு' என்று தேர்ந்தெடுக்காவிட்டால் ஜப்பானிய எழுத்து முழுக்கக் கேள்விக்குறி ஆகிவிடும். மெஷின் அதை முன்கூட்டியே ஆங்கிலத்தில் எச்சரிக்கவும் செய்திருக்கிறது. எச்சரிக்கையின் கீழே 'ஓகே' என்றிருந்தது. "ஓகேன்னு அதுவே சொல்லுதே, நாம எதுக்கு வேணான்னு சொல்லணும்?" என்று ஆறு பேரும் தனித்தனியாக ஒரே பதிலைச் சொன்னார்கள்.

அந்த வாரத்து வேலையை மறுபடி முதலிலிருந்து அடித்தோம். இனி இப்படி நடக்கக் கூடாதென்று ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் "சேமிக்கும் முன் கீழே பார்க்கவும்" என்று எழுதிச் சுவரில் மாட்டினேன். சாயந்திரம் காதர் பாய் மேலே வந்தார். அட்டையைப் படித்தார். ஜன்னலுக்குப் போய்த் தெருவை எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து, கவலையோடு சொன்னார்: "பாத்துட்டேம்மா. கீழ என் கடதான் கீது."

வெளியே எடுக்காதீர்கள்

மாடியில் ஜப்பான் பாஷை நடக்கிறது என்று சுற்றுவட்டாரத்தில் பரவிவிட்டது. ஒரு நாள் சாலவாக்கத்தைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு கிராமத்திலிருந்து கன்னியப்பன் என்ற விவசாயி படியேறி வந்தார். துறைமுகத்துப் பக்கம் பழைய சாமான் விற்கிற இடத்தில் ஒரு ஜப்பான் பம்பு இன்ஜின் வாங்கியிருக்கிறார். ஓட்டினால் கரும்புகை கக்கி நின்றுவிடுகிறது. ஏரியில் தண்ணீர் இறங்கிக்கொண்டே வருகிறது, நாற்று பிடுங்கிப் போட்டாகிவிட்டது. இன்ஜின் மேல் ஒரு தகடு, அதில் நாலு ஜப்பான் எழுத்து. எந்த ஆயில் ஊற்றுவது என்று அதில்தான் எழுதியிருக்கும் என்று நினைத்து, தகட்டையே கழற்றித் துண்டில் சுற்றி எடுத்து வந்துவிட்டார். "இத்த கொஞ்சம் பட்ச்சி சொல்லும்மா" என்றார்.

எங்களால் அடிக்க முடியும், படிக்க முடியாது என்பதை அவருக்குப் புரியவைப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. "எய்த தெரியும், படிக்கத் தெரியாதா? இன்னா பள்ளிக்கூடத்துலம்மா பட்ச்சீங்க?" என்றார். நியாயமான கேள்விதான். மௌசால் உருவத்தை வரைந்தால் அதுபோன்ற எழுத்துகளைக் காட்டும் ஒரு கட்டம் அந்தப் பட்டையில் உண்டு. லலிதா தகட்டை மடியில் வைத்துக்கொண்டு கோலம் போடுகிற கையால் நாலு எழுத்தையும் வரைந்து பிடித்துவிட்டாள். எடிட்டரில் போட்டு, இந்தத் தடவை கீழே பார்த்துச் சேமித்து, சுபத்ரா மேடத்துக்கு மெயில் அனுப்பினோம். கன்னியப்பன் பெஞ்சில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்.

மேடம் போன் செய்தபோது சிரிப்பை அடக்குகிற குரலில் பேசினார். ஆயிலைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. "இதை இங்கிருந்து வெளியே எடுத்துச் செல்லக் கூடாது" என்பதுதான் அந்த நாலு எழுத்து. நான் அப்படியே சொன்னேன். கன்னியப்பன் முகம் வெளுத்துவிட்டது. இன்ஜினுக்கு அடைப்புதான் கோளாறு என்று மெக்கானிக் பார்த்துச் சரி செய்து, அவர் வயலுக்குத் தண்ணீர் பாய்ந்தது பிறகு நடந்த கதை. அந்த நிமிஷம் அவர் தகட்டை மறுபடி துண்டில் சுற்றிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்: "சாலவாக்கம் வரிக்கும் வந்துட்ச்சேம்மா, இனிமே இன்னா பண்றது?"

வீட்டு வேலை ஏற்பட்டால்

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. இது அப்படியில்லை. ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்புக் கையேட்டை அடித்துக் கொடுத்திருந்தோம். ராகவன் சாரும் சுபத்ரா மேடமும் ஒன்றாகப் போனில் வந்தார்கள். ஜப்பானியத்தில் 'காஜி' என்றால் தீ விபத்து. 'காஜி' என்றாலே வீட்டு வேலையும்தான். சத்தம் ஒன்று, முதல் எழுத்து மட்டும் வேறு, இரண்டாவது எழுத்து இரண்டுக்கும் ஒன்றே. கடைசியாக எதைத் தேர்ந்தெடுத்தோமோ அதை அந்தப் பட்டை ஞாபகம் வைத்துக்கொண்டு, அடுத்த தடவை முதலில் நீட்டும். லலிதாவின் மெஷினில் அதற்கு முன்னால் அடித்தது ஒரு துணி துவைக்கும் மெஷினின் கையேடு. அதில் வரிக்கு வரி வீட்டு வேலை. பட்டை அதையே நீட்ட, அச்சு மங்கலாக இருந்ததால் லலிதா இரண்டாவது எழுத்தைப் பார்த்துவிட்டுச் சரியென்று விட்டுவிட்டாள். சரிபார்த்துக் கையெழுத்து போட்டது நான்.

சுபத்ரா மேடம் தமிழில் வாசித்துக் காட்டினார். "வீட்டு வேலை ஏற்பட்டால் பதறாமல் அருகிலுள்ள வழியாக வெளியேறவும். வீட்டு வேலையை முதலில் பார்த்தவர் உரக்கக் குரல் கொடுக்க வேண்டும். சிறிய வீட்டு வேலையாக இருந்தால் மணலைக் கொட்டி அணைக்கலாம்." யாரும் சிரிக்கவில்லை. அச்சுக்குப் போகும் முன் ஜப்பானில் ஒருவர் பார்த்துவிட்டார், அவ்வளவுதான். பார்க்காமல் போயிருந்தால்? வேலையை நிறுத்துவதா வேண்டாமா என்று முடிவு செய்ய ஜப்பானிலிருந்தே ஒருவர் கிளம்பி உத்திரமேரூருக்கு வருகிறார் என்றார் ராகவன் சார். "பேஜாரா பூட்ச்சேம்மா" என்று பாய் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்று மத்தியானம் அந்தப் பக்கத்தையே திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். தீ என்று ஒரு சொல். அதை நம்பி ஆள் ஓட வேண்டிய இடம். அதில் என் கையெழுத்து. லலிதாவைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன், அழுதுவிடுவாளோ என்று பயந்துகொண்டே. விடியும் முன் எழுந்து புருஷன் வீட்டில் எட்டுப் பேருக்கு ஆக்கி வைத்துவிட்டு பஸ் பிடித்து வருகிறவள் அவள். தமிழில் எழுதி வைத்திருந்த வரிகளை வாங்கி ஒரு தடவைக்கு இரண்டு தடவை நிதானமாகப் படித்தாள். பிறகு உண்மையான குழப்பத்தோடு கேட்டாள்: "எல்லாம் சரியாத்தானேக்கா கீது?"

நிஷிமுரா சார்

வருகிறவர் கண்ணுக்கு இடம் பளிச்சென்று இருக்கட்டும் என்று காதர் பாய் முதல் நாள் மாடிப்படிக் கைப்பிடிக்கு நீலப் பெயிண்ட் அடித்தார். மழைக்காலம், பெயிண்ட் காயவில்லை. நிஷிமுரா சார் என்ற ஒல்லியான மனிதர், சுபத்ரா மேடமும் ராகவன் சாரும் பின்னால் வர, கைப்பிடியை நன்றாகப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார். எல்லோருக்கும் தலை குனிந்து வணக்கம் சொன்னார். உள்ளங்கை நீலமாக இருந்தது. பாய் மண்ணெண்ணெய்த் துணியோடு ஓடி வந்தார், அவர் அதையும் குனிந்து வாங்கிக்கொண்டார்.

எப்படி அடிக்க வேண்டும் என்று அவரே ஒரு பக்கம் அடித்துக் காட்டுவதாக ஏற்பாடு. லலிதாவின் மெஷினில் உட்கார்ந்தார். ஆங்கில எழுத்தாக விழுந்தது. விசைப்பலகையின் இடது மேல் ஓரக் கட்டையைத் தட்டினார். அவர்கள் ஊர்ப் பலகையில் அதைத் தட்டினால் மொழி மாறிவிடுமாம். எங்கள் பலகையில் சாய்ந்த ஒரு சின்னக் கோடு விழுந்தது. மறுபடி தட்டினார், இன்னொரு கோடு. ஒரு வரி நிறைய கோடு விழுந்ததும் நிமிர்ந்து மேடத்திடம் ஏதோ கேட்டார். "மெஷின் ரிப்பேரான்னு கேக்கறார்" என்றார் மேடம். லலிதா சட்டென்று குனிந்து, "இத்தயும் அத்தயும் சேத்து அமுக்கணும் சார்" என்று ஆல்ட் கட்டையையும் அதையும் சேர்த்து அமுக்கினாள். உத்திரமேரூர் மாடியில் ஒரு ஜப்பான்காரருக்கு அவருடைய தாய்மொழி திரும்பக் கிடைத்தது.

அதற்குப் பிறகு அவர் அடித்த வேகத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. பக்கத்தை முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். லலிதா பழக்க தோஷத்தில் ஸ்கேலை எடுத்துக் காகிதத்தின் மேல் வைத்து, திரையைப் பார்ப்பதும் காகிதத்தைப் பார்ப்பதுமாகச் சரிபார்க்க ஆரம்பித்துவிட்டாள். நான் அவள் புடவை முந்தானையைப் பிடித்து இழுத்தேன். விடவில்லை. ஒன்பதாவது வரியில் விரலை வைத்து, "இந்த ரெண்டாவது எய்த்து அதுல கீற மாதிரி இல்ல சார்" என்றாள். ராகவன் சார் கண்ணை மூடிக்கொண்டார்.

நிஷிமுரா சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் காகிதத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தார். 'கிகாய்' என்றால் மெஷின். 'கிகாய்' என்றாலே நல்ல வாய்ப்பும்தான். "சுத்தம் செய்யும் முன் மெஷினை நிறுத்தவும்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "சுத்தம் செய்யும் முன் நல்ல வாய்ப்பை நிறுத்தவும்" என்று அடித்திருந்தார். எங்களைக் கவிழ்த்த அதே பட்டை அவரையும் கவிழ்த்துவிட்டது. அவர் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பிறகு எழுந்து, லலிதாவுக்கு எதிரே நின்று, இடுப்பு வரை வளைந்து வணங்கினார். இவள் பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டாள். எத்தனை வருஷமாக ஜப்பானியம் படிக்கிறீர்கள் என்று மேடம் மூலம் கேட்டார். லலிதா சொன்னாள்: "பாஷ தெரியாது சார். தப்பு தெரியும்."

வேலையை அவர் நிறுத்தவில்லை. ஒருவர் அடித்ததை இன்னொருவர் பார்க்க வேண்டும், கையேடு மாறும்போதெல்லாம் பட்டையின் ஞாபகத்தை அழிக்க வேண்டும் என்று இரண்டு விதி மட்டும் போட்டுவிட்டுப் போனார். மேற்கொண்டு இரண்டு வருஷம் ஓடியது. பிறகு காகிதத்தைப் பார்த்து மெஷினே படித்துக்கொள்ளும் காலம் வந்துவிட, மாடியில் பெயிண்ட் டின்கள் ஏறின, நாங்கள் இறங்கினோம். நான் இப்போது தாலுகா ஆபீஸுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் தமிழில் மனு அடிக்கிறேன். யாருடைய கிணற்றை யார் மூடினார்கள், யார் வேலியை யார் நகர்த்தினார்கள் என்று அடிக்கும்போதே கதையில் நின்றுவிடுகிறேன், வரிக்கு இரண்டு தப்பு விழுகிறது. தட்டச்சு வேலைக்கு மொழி புரிவதைப் போல ஒரு இடைஞ்சல் கிடையாது.